கிரவுண்டுக்கு ஏன் கடைசி இடம்?

இன்னைக்குப் பேசப்போற கேள்வி இதுதான்: பெருந்தொற்று நேரத்துல பள்ளிப் பிள்ளைங்களோட விளையாட்டு நடக்கணுமா, நிக்கணுமா?

"கொரோனா போய் இத்தனை வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு"ன்னு சில பேர் நினைக்கலாம். இப்பதான் பேசணும்னு நான் நினைக்கிறேன். நோய் நடுவுல இருக்கும்போது யாராலும் நிதானமா யோசிக்க முடியாது. பக்கத்துல கேரளாவுல 2018-லயும் 2023-லயும் நிபா வந்தது. அடுத்து எது, எப்ப வரும்னு தெரியாது. வந்தா, எதை முதல்ல மூடுறது, எதை முதல்ல திறக்கிறதுங்கிற கேள்வி மறுபடி வரும். போன தடவை அந்த வரிசையில பள்ளி மைதானம் எங்க நின்னுச்சுன்னு பார்த்துட்டு ஆரம்பிப்போம்.

தேதிகளை மட்டும் சொல்றேன். 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு. மே மாதமே டாஸ்மாக் கடைகள் திறந்தாச்சு. செப்டம்பரில் பூங்காக்களும் விளையாட்டு மைதானங்களும் திறந்தன. பயிற்சிக்கு மட்டும், பார்வையாளர்கள் இல்லாமல். நவம்பர் 10-ல தியேட்டர்கள், பாதி சீட்டோட. 2021 பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு: 300 மாடுபிடி வீரர்கள் வரைக்கும் அனுமதி, பாதி அளவு பார்வையாளர்கள். பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து இரண்டாவது டெஸ்ட், பாதி கேலரிக்கு ரசிகர்கள். ஏப்ரல் 6-ல சட்டமன்றத் தேர்தல். அதுக்கு முன்னாடி நடந்த பிரச்சாரக் கூட்டங்களை நீங்களே பார்த்திருப்பீங்க.

இப்ப பள்ளிகள். 10, 12-ஆம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19-ல திறந்தாங்க. 9, 11-க்கு பிப்ரவரி 8. மார்ச் 22-ல 9, 10, 11 மூணையும் மறுபடி மூடியாச்சு. அப்புறம் செப்டம்பர் 1-லதான் 9 முதல் 12 வரை திறந்தது. சின்னப் பிள்ளைங்களுக்கு நவம்பர் 1. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மூடி, பிப்ரவரி 1-ல மறுபடி திறந்தாங்க. இதுல திறந்த நாளெல்லாம் பாடத்துக்காகத் திறந்த நாள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியாப் போகிற பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் பழையபடி திரும்பினது 2022-23 கல்வியாண்டுல.

அதாவது, பெரியவங்க குடிக்கிறதுக்கும் படம் பார்க்கிறதுக்கும் மாடு பிடிக்கிறதுக்கும் டெஸ்ட் மேட்ச் பார்க்கிறதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சோம். பதினைந்து வயசுப் பிள்ளை ஓடுறதுக்கு வழி கண்டுபிடிக்கிற வேலையை மட்டும் தள்ளிப் போட்டுட்டே இருந்தோம்.

இந்த இடத்துல எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடணும். பயம் பொய்யில்லை. 2021 மே 21, ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற நாட்கள். அந்த வாரத்துல யாராவது "மாவட்ட அளவு கபடி நடத்தலாம்"னு சொல்லியிருந்தா நானே சண்டைக்குப் போயிருப்பேன். விளையாட்டுக்காரங்க உடம்புக்கு ஒன்னும் ஆகாதுங்கிற பேச்சும் அப்ப இருந்துச்சு. அந்த ஜூன் மாதம்தான் மில்கா சிங் கொரோனாவால இறந்தார். அவருக்கு ஐந்து நாள் முன்னாடி, இந்திய மகளிர் வாலிபால் அணியின் முன்னாள் கேப்டனான அவருடைய மனைவி நிர்மல் கவுர் இறந்தாங்க. பணத்தால பாதுகாப்பு வாங்கிடலாம்னா ஐபிஎல் வாங்கியிருக்கணும். தனி ஓட்டல், அடிக்கடி டெஸ்ட்னு எல்லாம் வச்சும் வீரர்களுக்குத் தொற்று வந்து, 2021 மே 4-ல சீசனையே பாதியில நிறுத்தினாங்க.

அப்ப என் பதில் "நிறுத்தணும்"தானா? பாதிதான். "பள்ளி விளையாட்டு"ன்னு ஒரே வார்த்தையில சொல்ற விஷயத்துக்குள்ள மூணு தனித்தனி விஷயம் இருக்கு. ஒன்னு, கேலரி. பார்க்க வர்ற கூட்டம். ரெண்டு, போட்டி. ஊர் விட்டு ஊர் போய் விளையாடுறது. மூணு, கிரவுண்டு. தினமும் காலையிலயும் சாயங்காலமும் பிள்ளை போய் ஓடுற, பந்து தட்டுற இடம். இந்த மூணுக்கும் ஆபத்து ஒரே அளவு கிடையாது. நாம மூணையும் ஒரே பூட்டுல பூட்டினோம். பிரச்சனை அங்கதான்.

முதல்ல கேலரி. இதுக்கு நல்ல உதாரணம் கொழும்பு. அங்க ராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் வருஷா வருஷம் ஒரு கிரிக்கெட் போட்டி நடக்கும். பள்ளிப் பசங்க ஆடுறதுதான், ஆனா பழைய மாணவர்கள், அமைச்சர்கள், பேண்டு வாத்தியம்னு ஊரே திரளும். 2020 மார்ச் 12-ல அரசுப் பள்ளிகளை மூடப்போறதா இலங்கை அரசு அறிவிச்சது. அதே 12-ஆம் தேதி இந்த மேட்ச் ஆரம்பிச்சு மூணு நாள் நடந்தது. வேண்டாம்னு சொன்னவங்க பேச்சு எடுபடலை. அப்புறம், மேட்ச் பார்க்க வந்த ஒருத்தருக்குத் தொற்று இருந்ததா செய்தி வந்து, போனவங்க எல்லாம் பதறினாங்க. மைதானத்துக்குள்ள ஆடின 22 பசங்களை விட, வெளியில தோளோடு தோள் உரசி நின்ன ஆயிரக்கணக்கான பேர்தான் அங்க கவலை. பள்ளி விளையாட்டுல முதல்ல மூட வேண்டியது கேலரி, கடைசியில திறக்க வேண்டியதும் கேலரி. இதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காதுன்னு நினைக்கிறேன்.

ரெண்டாவது, போட்டி. நான் ஸ்கூல்ல 800 மீட்டர் ஓடினவன். மாநிலம் வரைக்கும் போனதில்லை, ஆனா மாவட்டப் போட்டி எப்படி நடக்கும்னு தெரியும். ஒரு வேன்ல பதினாலு பேர் உட்கார வேண்டிய இடத்துல இருபத்தஞ்சு பேர். போன ஊர்ல ஏதாவது ஒரு பள்ளி வகுப்பறையில பெஞ்சை ஓரமாத் தள்ளிட்டு எல்லாரும் வரிசையாப் படுக்கணும். ஒரே குழாய், ஒரே பக்கெட், தண்ணி பாட்டில் பத்து கை மாறும். ஓடுற அந்த ரெண்டு சொச்சம் நிமிஷத்துல தொற்றுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. வேன்லயும் வகுப்பறையிலயும்தான் அத்தனையும். தொற்று ஏறுற நேரத்துல போட்டியை நிறுத்துறது சரிதான். நிறுத்துறதுக்கான காரணம் விளையாட்டு இல்லை, பயணமும் தங்குறதும்னு புரிஞ்சா, எப்ப, எப்படித் திருப்பி ஆரம்பிக்கலாம்னும் புரிஞ்சிடும்.

ஜப்பான்காரங்க இதை எப்படிச் செஞ்சாங்கன்னு பாருங்க. அங்க கோஷியென் மைதானத்துல நடக்கிற உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி நாட்டுக்கே திருவிழா. 2020-ல வசந்த காலப் போட்டியை ரத்து பண்ணாங்க, கோடைப் போட்டியையும் ரத்து பண்ணாங்க. கோடைப் போட்டி ரத்தானது இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. ஆனா அதோட விட்டுடலை. வசந்தப் போட்டிக்குத் தேர்வாகி ஆடமுடியாமப் போன 32 பள்ளிகளையும் ஆகஸ்ட்ல கூப்பிட்டாங்க. கோப்பை கிடையாது, அடுத்த சுற்று கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் அந்த மைதானத்துல ஒரே ஒரு மேட்ச். வந்து ஆடிட்டு வீட்டுக்குப் போனாங்க. பள்ளியோட கடைசி வருஷத்துல இருந்த பிள்ளைக்கு அந்த ஒரு மேட்ச் எவ்வளவு பெருசுன்னு விளையாடினவங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒரு முடிவு எடுத்தாங்க. அதை அப்படியே நாம எடுத்துக்க வேண்டாம். ஆனா அங்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 2020 மே மாதமே ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. விளையாட்டுகளை ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம்னு மூணாப் பிரிச்சாங்க. தனியா ஓடுறது, எறியுறது எல்லாம் குறைவு. வாலிபால், கூடைப்பந்து நடுத்தரம். மல்யுத்தமும் அவங்க ஊர் ஃபுட்பாலும் அதிகம்.

இதே பட்டியலை நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்க. ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், கம்பு நீளத்துக்கு இடைவெளி விட்டுத் தனித்தனியா சுத்துற சிலம்பம் எல்லாம் முதல் பட்டியல். வாலிபால், கோ-கோ நடுவுல. கபடி? கட்டிப் பிடிச்சு உருளணும், அதுவும் எதிர் அணி முகத்துக்கு நேரா மூச்சு விடாம "கபடி கபடி"ன்னு பாடிட்டு. காத்துல பரவுற நோய்க்கு இதை விட வசதியான விளையாட்டு இருக்க முடியாது. எனக்கு உயிரா பிடிச்ச விளையாட்டுதான், ஆனா அது கடைசியா வரட்டும். கபடிக்காக 400 மீட்டர் ஓடுற பிள்ளையையும் சேர்த்து நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

மூணாவது, கிரவுண்டு. இதுக்காகத்தான் இந்த எபிசோடே.

திருச்சியிலேர்ந்து துறையூர் போய், மேல ஏறினா பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம்னு மூணு மாவட்டத்துல பரவியிருக்கிற மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்றாங்க. வண்ணாடு, கோம்பை, சின்ன இலுப்பூர், டாப் செங்காட்டுப்பட்டின்னு ஊர்கள். வீக்கெண்ட்ல பைக் எடுத்துட்டு மங்களம் அருவிக்குப் போற உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்ச வழிதான். வழியில மரவள்ளிக் காடு பார்த்திருப்பீங்க. பள்ளிக்கூடத்தைப் பார்த்திருப்பீங்களான்னு தெரியலை. அங்க பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. பிள்ளைங்க அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படிக்கிற பள்ளி.

செப்டம்பர் 2020-ல பயிற்சிக்காக மைதானங்கள் திறந்ததுன்னு சொன்னேன் இல்லையா. அந்த அனுமதியோட பலன் யாருக்குப் போச்சு? திருச்சி டவுன்ல அண்ணா விளையாட்டரங்கம் பக்கத்துல வீடு இருக்கிற பிள்ளைக்கு. தனியா கோச் வச்சிருக்கிற பிள்ளைக்கு. அபார்ட்மெண்ட் உள்ள ஷட்டில் கோர்ட் இருக்கிற பிள்ளைக்கு. மலையில கிரவுண்டுங்கிறது பள்ளி கேட்டுக்கு உள்ள இருக்கு. பள்ளி பூட்டினா கிரவுண்டு பூட்டின மாதிரி. பி.டி. சார் பள்ளிக்கு வந்தாதான் பயிற்சி. ஹாஸ்டல் நடந்தாதான் வேளைக்குச் சாப்பாடு; ஓடுற பிள்ளைக்கு அந்தச் சாப்பாடும் பயிற்சியில பாதி. ஒரே ஒரு பூட்டு, மூணும் போச்சு.

"மலையில ரோடு இருக்கு, காடு இருக்கு, அவங்க பாட்டுக்கு ஓட வேண்டியதுதானே"ன்னு கேட்பாங்க. துறையூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில பி.டி. சாரா இருக்கிற என் நண்பர்கிட்ட நானும் இதைக் கேட்டேன். "ஓடலாம் தம்பி, யாரு எழுப்பி விடுறது?"ன்னார். வீட்டுல இருக்கிற பதினைந்து வயசுப் பிள்ளை வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் ஒரு கை. பள்ளிக்குப் போறேன்னு சொன்னா விடுவாங்க. சும்மா ஓடிட்டு வர்றேன்னு சொன்னா, அதுவும் பெண் பிள்ளை சொன்னா, எந்த வீட்டுல விடுவாங்க? பயிற்சிங்கிறது உடம்புக்கு மட்டும் இல்லை. அந்தப் பிள்ளை அந்த நேரத்துக்கு வீட்டை விட்டு வெளியில வர்றதுக்கு ஒரு காரணம்.

இங்க எதிர்த்தரப்பு இன்னொரு நியாயம் சொல்லும். மலையில ஆஸ்பத்திரி வசதி கம்மி. சீரியஸ்னா மலைப்பாதையில இறங்கி துறையூர் வரணும். வீட்டுல தாத்தா பாட்டி இருக்காங்க. அதனால மலையில இன்னும் கவனமா இருக்கணும் இல்லையா? நூத்துக்கு நூறு உண்மை. அதனாலதான் மலைக்கு வெளியிலேர்ந்து அணிகள் வர்ற போட்டி கூடாதுன்னு சொல்றேன். ஆனா, ஒரே ஊர்ல, ஏற்கெனவே ஒன்னா தண்ணி எடுத்து, ஒன்னா காட்டு வேலைக்குப் போற பத்துப் பிள்ளைங்க, திறந்தவெளியில, தள்ளித் தள்ளி நின்னு ஓடினா புதுசா எந்த ஆபத்து மலை ஏறி வரும்? தொற்று குறைஞ்ச மாதங்கள்ல, 2020 அக்டோபர்லயோ 2021 ஆகஸ்ட்லயோ, அந்த கேட்டை மட்டுமாவது திறந்திருக்கலாம். தலைநகர்ல எடுத்த ஒரே முடிவு சென்னைக்கும் சின்ன இலுப்பூருக்கும் ஒன்னாப் பொருந்தாது.

இதனால என்ன இழப்புன்னு ஒரு கணக்குப் போடுவோம். 2020 மார்ச்சில் ஒன்பதாவது படிக்கிற, 400 மீட்டர் ஓடுற ஒரு பொண்ணுன்னு வச்சுக்குவோம். பள்ளிப் போட்டிகள்ல 14, 17, 19 வயசுக்குட்பட்டோர்னு மூணு பிரிவு. பத்தாவது: பள்ளி மூடல், ஆல் பாஸ். பதினொன்னாவது: ஆகஸ்ட் வரைக்கும் மூடல், அப்புறம் ஒமிக்ரான். பதினேழு வயசுப் பிரிவு அப்படியே போயாச்சு. போட்டிகள் திரும்பி வரும்போது அவ பன்னிரண்டாவது. பொதுத்தேர்வு வருஷம். நேரா 19 வயசுப் பிரிவுல, ரெண்டு வருஷம் விடாம ஓடின டவுன் பிள்ளைங்களோட போட்டி போடணும். விளையாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறது 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு. அவளுக்கு இருந்தது பதினொன்னாவதுங்கிற ஒரு வாசல். காட்டுறதுக்குப் போட்டி முடிவு எதுவும் கையில இல்லாம எந்த வாசலைத் தட்டுவா?

பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் இருக்கு. அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ரெண்டுக்கும் ஆதாரம் சான்றிதழ். நடக்காத போட்டிக்குச் சான்றிதழ் கிடையாது.

இதே நேரத்துல படிப்புக்கு என்ன செஞ்சோம்னு பாருங்க. 2020-ல பத்தாவது தேர்வு ரத்தானதும், காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80, வருகைப்பதிவுக்கு 20 சதவீதம்னு ஒரு ஃபார்முலா. 2021-ல பன்னிரண்டாவதுக்கு, பத்தாவது மதிப்பெண்ல 50, பதினொன்னாவதுல 20, பன்னிரண்டாவது செய்முறை, அக மதிப்பீட்டுல 30-னு இன்னொரு ஃபார்முலா. கல்வித் தொலைக்காட்சியில பாடம் நடத்தினாங்க. 2021 அக்டோபரில், விட்டுப்போன படிப்பைப் பிடிக்க இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சாங்க. எல்லாம் நல்ல காரியம், பாராட்டணும். நிறையும் குறையும் இருந்தாலும், "இந்தப் பிள்ளைங்க எதையோ இழந்திருக்காங்க, அதை ஈடுகட்டணும்"ங்கிற எண்ணம் அதுல இருந்துச்சு. ஓடுற பிள்ளைக்கு 50-20-30 மாதிரி ஒரு கணக்கு யார் போட்டாங்க?

2021 ஜூலை 30-ல டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவோட கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்ட அணி ஓடுச்சு. நாலு பேர்ல ரெண்டு பேர் திருச்சி மாவட்டம்: லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன். மூணாவது ஒருத்தர், ரேவதி, மதுரை. நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம், பெருமைப்பட்டோம். அவங்க அந்தக் கஷ்ட காலத்திலயும் தயாராக முடிஞ்சதுக்குக் காரணம், அவங்க ஏற்கெனவே தேசிய முகாமுக்குள்ள இருந்தாங்க. தங்க இடம், சாப்பாடு, கோச், டிராக் எல்லாம் இருந்துச்சு. அவங்களுக்குப் பின்னாடி வரவேண்டிய பதினைந்து வயசுப் பிள்ளைக்கு முகாம்னா அது பள்ளிக்கூடம்தான்.

அதனால அடுத்த தடவைக்கு நான் கேட்கிறது நாலு விஷயம். ஒன்னு, கேலரி, போட்டி, கிரவுண்டு மூணுக்கும் தனித்தனி உத்தரவு. மூடும்போது கேலரி முதல்ல, கிரவுண்டு கடைசியில. திறக்கும்போது கிரவுண்டு முதல்ல. ரெண்டு, விளையாட்டை ஆபத்துப்படி பிரிச்ச பட்டியல், இப்பவே. மூணு, மலைக்கும் டவுனுக்கும் ஒரே உத்தரவு போடாம, அந்தந்தப் பகுதியோட நிலவரத்தைப் பார்த்து மாவட்ட அளவுல முடிவு. நாலு, போட்டி நடக்காத வருஷத்துக்கு ஈடா வயது வரம்புலயும் விளையாட்டு விடுதித் தேர்வுலயும் ஒரு வருஷம் கூடுதலா. இந்த நாலாவதுக்குப் பைசா செலவு கிடையாது, ஒரு அரசாணை போதும்.

நடக்கணுமா, நிக்கணுமா? 2021 மே மாதம் மாவட்டப் போட்டி நடக்கணுமான்னு கேட்டா, கூடாது. 2020 அக்டோபர்ல பச்சைமலையில ஒரு பிள்ளை பள்ளி கிரவுண்டுல தனியா நாலு ரவுண்டு ஓடலாமான்னு கேட்டா, கண்டிப்பா ஓடலாம், ஓடணும். ரெண்டுக்கும் ஒரே பதில் சொன்னதுதான் நாம பண்ணின தப்பு.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை. உங்கள்ல பல பேர் அரசுப் பள்ளியில படிச்சவங்க, அல்லது உங்க அம்மா அப்பா படிச்சவங்க. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, கூட்டம் நடக்குது. ஊருக்குப் போகும்போது ஒரு தடவை விசாரிங்க: நம்ம ஸ்கூல் கிரவுண்டு இப்ப எப்படி இருக்கு, லீவு நாள்ல கேட்டைத் திறந்து விடுறாங்களா, பி.டி. சார் இருக்காரா? தொற்று இல்லாத நாள்லயே பூட்டிக் கிடக்கிற கிரவுண்டு, தொற்று வந்தா திறக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

2020-ல நீங்களே பள்ளியில விளையாடிட்டு இருந்தவங்களா இருந்தா, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எழுதுங்க. வர்ற எபிசோடுல அதைப் பத்திப் பேசுவோம்.